அங்கணத்துப் பிளக்கும் மிதியடிச் சாஸ்திரியும்

கோட்டாற்றுக்குக் கரண்டு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் கரண்டுக்குச் சாஸ்திரம் வந்துவிட்டது. கரண்டைக் கொண்டுவரக் கம்பெனிக்காரன் கம்பம் நட்டான், கம்பி இழுத்தான், எந்திரம் இறக்கினான், வெயிலில் கருகினான். சாஸ்திரத்தைக் கொண்டுவரத் தாணுலிங்கத்துக்கு ஒரு ஜோடி மிதியடிக் கட்டை போதுமாயிருந்தது.

காலை ஏழு மணிக்கே அவர் வாசலில் கூட்டம் நெரியும். செட்டித்தெரு ஜவுளிக்கடைக்காரர் நிற்பார். இடலாக்குடி கருவாட்டு வியாபாரி நிற்பார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரிகூட வந்திருந்தார். தோவாளைக்கு இன்னும் கரண்டே போகவில்லை. போனால் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வந்தாராம்!

எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்.

"சாஸ்திரியாரே, எங்க வீட்டுல பிளக்கு எங்கன வைக்கணும்?"

விளக்கைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அது கூரையில் தொங்குகிறது, எரிகிறது, அவ்வளவுதான். பிளக்கு அப்படியல்ல. சுவரில் ஒரு பித்தளை மூடி, அதில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் ஏதோ குடியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடம் எதுவோ அங்கே பாய் விரித்து உட்காருவதுதான் தாணுலிங்கத்தின் தொழில்.

அதற்கு முன்னால் அவர் கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடமெல்லாம் தோண்டினார்கள். தோண்டிய இடமெல்லாம் பாறை. ஊரார் கடப்பாரையோடு தேடிவரவே சில மாதம் காணாமல் போனார். திரும்பி வந்தபோது காலில் மிதியடி, நெற்றியில் பட்டை, பெயருக்குப் பின்னால் 'மின்மனைச் சாஸ்திரி'. கடப்பாரைக்காரர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். நம் ஜனங்களுக்குக் கோபம் வருகிற வேகத்தில் மறதியும் வந்துவிடுகிறது.

அவருடைய சாஸ்திரம் ரொம்பச் சுருக்கம். கரண்டு என்பது அக்கினி. அக்கினிக்கு உரியது தென்கிழக்கு மூலை. ஆகவே பிளக்கைத் தென்கிழக்கு மூலையில், பூமியைத் தொட்டாற்போல ஒரு முழ உயரத்தில் வைக்க வேண்டும். இந்துக்கள் வீட்டில் இதை அக்கினி மூலை என்றார். முஸ்லிம்கள் வீட்டில், ஜின் நெருப்பிலிருந்து வந்தது, அது அந்த மூலையைத்தான் விரும்பும் என்றார். வேதக்காரர் வீட்டில், இஸ்ரவேலருக்கு வழிகாட்டிய அக்கினித் தூண் அந்தத் திசையில்தான் நின்றது என்றார். மூன்று வீட்டிலும் மூலை ஒன்றுதான், தட்சிணையும் ஒன்றுதான். ஏமாறுகிற காரியத்தில் மட்டும் கோட்டாற்றில் சாதி மத பேதம் கிடையாது.

இதில் ஒரு சின்ன விசேஷம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் தென்கிழக்கு மூலை என்றால் அடுக்களை. அடுக்களையில் அந்த மூலையில் இருப்பது பாத்திரம் கழுவுகிற அங்கணம். விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரை அங்கே ஈரம் காயாது. கிணற்றுக்குத் தண்ணீர் காட்டத் தெரியாத மனுஷன், பிளக்குக்கு மட்டும் வீடு தவறாமல் தண்ணீர் இருக்கிற இடத்தைக் காட்டினார்.

இப்படிப் பிளக்கு வைத்த வீடுகளில் ஒன்று, கருப்பட்டி மொத்த வியாபாரி ஞானையனுடைய வீடு.

ஞானையன் சபைக் கமிட்டி மெம்பர். பில்லி சூனியமெல்லாம் பொய் என்று போதகர் பிரசங்கம் செய்தால், 'ஆமென்' சொல்லுகிற குரல்களில் இவருடைய குரல்தான் உசத்தி. அதனால் சாஸ்திரியாரைக் கொல்லைவாசல் வழியாக வரச் சொன்னார். ஆண்டவர் முன்வாசலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவருக்கு எண்ணம்.

வயரிங் செய்ய வந்த அபுதாஹிர் மேஸ்திரி அங்கணத்தைப் பார்த்தார், குறித்த இடத்தைப் பார்த்தார், கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"முதலாளி, இதுல வச்சா ஆளு போயிரும். தண்ணியும் கரண்டும் ஒண்ணாச் சேரப்பிடாது. முன்னறையில காஞ்ச சுவரு இருக்கு. பிள்ளையளுக்கு எட்டாத ஒசரத்துல வச்சுத் தாறேன்."

"நீ கம்பி முறுக்குகவன்," என்றார் சாஸ்திரியார். "அக்கினிக்கு மூலை ஏதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அது தெரியாது சாமி. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியும்."

"சொன்ன இடத்துல வையும் மேஸ்திரி," என்றார் ஞானையன்.

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அந்த வீட்டு மருமகள் நேசபாய்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம். பிறந்த ஊர் ஆரல்வாய்மொழி. அங்கே கணவாய் வழியாக இராப்பகலாகக் காற்று அடிக்கும். அதற்கு யாரும் கம்பி இழுக்க வேண்டியதில்லை. புருஷன் ஜான்ரோஸுக்குக் கொழும்பில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். கல்யாணம் முடிந்த மறுமாதம் கப்பலேறியவன், அப்பாவுக்கு ஒரு கரண்டுக் காத்தாடியும், பெண்டாட்டிக்கு ஒரு ஜோடி ரப்பர் அடிச் செருப்பும் வாங்கி அனுப்பியிருந்தான்.

காத்தாடி வந்தது. ஆனால் அதன் வால் போய்ச் சேரவேண்டிய பிளக்கு அங்கணத்துப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? வயர் மூன்று முழம்தான். ஆகவே காத்தாடி அடுக்களைக்குப் போயிற்று. காத்தாடியின் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஞானையனும் போனார். முன்னறை புழுங்கிக் கிடக்க, வியாபாரம் பேச வந்தவர்களெல்லாம் எச்சில் பாத்திரத்துக்கும் மீன் செதிலுக்கும் நடுவே உட்கார்ந்து கருப்பட்டி விலை பேசினார்கள். போதகர் வந்தபோதும் அங்கேதான் நாற்காலி. காற்று நல்ல சுகமாயிருக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

காத்தாடியை மாட்டுவதும் கழற்றுவதும் நேசபாயின் வேலை. அவள்தானே எப்போதும் அங்கணத்தில் நிற்கிறாள்? "ஏட்டி, காத்தாடியப் போடு" என்று சத்தம் வந்தால், சாம்பல் கையை அலசிவிட்டு ஓடிப்போய் மாட்டுவாள். ஈரம் ஏறிய அந்தப் பித்தளை மூடியைத் தொட்டதும் கை முட்டிவரை ஒரு வெட்டு வெட்டும். ஒருநாள் கையிலிருந்த வெண்கலச் செம்பு பறந்துபோய் மாமனார் காலடியில் விழுந்தது. இன்னொரு நாள் அவளே விழுந்தாள்.

வீட்டில் வேறு யாருக்கும் அடிக்கவில்லை. வேறு யாரும் அதைத் தொடவில்லை என்பது காரணமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமியார் ராஜபாய் சாஸ்திரியாரை வரவழைத்தாள். கொல்லைவாசல் வழியாகத்தான். அவர் வந்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"பெண்ணு எந்த ஊரு?"

"ஆராம்பொழி."

"அதைச் சொல்லும்! கணவாய்க் காத்துல கூட வந்த பேயி. காத்துப் பேயி காத்தாடியக் கண்டா சும்மா இருக்குமா?" என்றவர், மிதியடி காலோடு அங்கணத்தில் இறங்கி அந்தப் பித்தளை மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். சிரித்தார். "பாத்துக்கிடும். எனக்கு அடிக்குதா? தெய்வம் ஆளறிஞ்சுதான் அடிக்கும்."

ராஜபாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேதக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

தீர்ப்பு இதுதான்: திங்கட்கிழமை காலை பேயை ஓட்ட வேண்டும். நேசபாய் தலையோடு தண்ணீர் ஊற்றி, ஈரச்சேலையோடு, வெறுங்காலோடு அங்கணத்தில் நின்று இரண்டு கையாலும் பிளக்கைப் பிடிக்க வேண்டும். பேய் தன் பெயரைச் சொல்கிற வரைக்கும் விடக்கூடாது. பேய் போனால் சரி. போகாவிட்டால் பெட்டியைக் கட்டி அம்மைவீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது.

நேசபாய்க்குத் தன் அம்மைவீடு கண்முன் வந்தது. அப்பா இல்லாத வீடு. இவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். அக்காள் வாழாவெட்டியாக வந்து நின்றால், பேய் பிடித்த குடும்பத்தில் எவன் பெண்ணெடுப்பான்? அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. வடசேரியில் ஒரு வீட்டில் இப்படித்தான் தொழுவத்தை ஒட்டி, கழுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளக்கு வைத்துக் கொடுத்தார் சாஸ்திரியார். நின்ற நிலையில் பசு விழுந்து செத்தது. தெய்வம் பசுவைக் காவு வாங்கிக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று சொல்லி, அதற்கும் ஒரு வாழைக்குலை வாங்கிக்கொண்டு போனார். பசுவுக்கே அந்தக் கதி என்றால், நனைந்த சேலையோடு இரண்டு கையாலும் பிடித்தால் தன் கதி என்ன என்று நேசபாய் நினைத்தாள்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆராதனை முடிந்து கொல்லைவழியாக உள்ளே வந்தவளிடம், வாசலில் போதகர் வந்துவிட்டார் என்று மாமியார் கத்தினாள். "காத்தாடியப் போடுட்டி!" நேசபாய் செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஓடி மாட்டினாள். அப்புறம்தான் நின்றாள். அடிக்கவில்லை.

"ஓய்வுநாள்ல பேயி வராதுல்லா," என்றாள் ராஜபாய்.

நேசபாய் யோசித்தாள். போன ஞாயிறும் அடிக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. அன்றைக்கெல்லாம் இப்படித்தான் கோவிலிலிருந்து வந்த காலோடு ஓடி மாட்டியிருந்தாள். கணவாயிலிருந்து பஸ் ஏறாமல் கூடவே வந்த பேய், வாரத்தில் ஒருநாள் மட்டும் லீவு எடுக்குமா? ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் என்ன வித்தியாசம்? அதே கை, அதே பிளக்கு. குனிந்து காலைப் பார்த்தாள். கொழும்புச் செருப்பு. பிறகு சாஸ்திரியாரின் கால் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளும் கழற்றாத அந்த மிதியடிக் கட்டை. மேஸ்திரி சொன்னதும் ஞாபகம் வந்தது: தண்ணியும் கரண்டும் ஒண்ணாச் சேரப்பிடாது.

மத்தியானம் எல்லாரும் படுத்தபிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட உட்காருகிற பலகையை வெயிலில் காயவைத்து எடுத்துவந்து போட்டு, அதன்மேல் ஏறினாள். ஆண்டவரை நினைத்துக்கொண்டு ஒற்றை விரல் நுனியால் பித்தளையைத் தொட்டாள். பேய் தூங்கிக்கொண்டிருந்தது. நேசபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ராகுகாலம் முடிந்த கையோடு சாஸ்திரியார் வந்தார். அடுக்களையிலும் கொல்லைப்புறத்திலும் ஜனம். அடுத்த வீட்டு சுபைதா பேகம் முதல் வடசேரியில் பசுவைப் பறிகொடுத்தவர் வரை வந்திருந்தார்கள். வாசலில் நேசபாயின் தகரப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காலையில் மாமியாரே கட்டி வைத்திருந்தாள்.

சாஸ்திரியார் முதலில் தாமே பிளக்கைத் தொட்டுக் காட்டினார். கூட்டம் ஆகாகா என்றது. பிறகு குடத்துத் தண்ணீரைக் காட்டி, "ம், ஊத்திக்கிட்டு எறங்கு," என்றார்.

"எறங்குகேன்," என்றாள் நேசபாய். "அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன். பேயி எனக்குள்ளதான இருக்கு? அப்பம் பேயில்லாத ஆளு நனைஞ்ச காலோட தொட்டா ஒண்ணும் செய்யாதுல்லா?"

இத்தனை பேர் நடுவில் வேறு என்ன சொல்வார்? "செய்யாது," என்றார் சாஸ்திரியார்.

"அப்பம் நீங்க மிதியடியக் களத்திட்டு, காலை நனைச்சிட்டுத் தொட்டுக் காட்டுங்க. பொறவு நான் பிடிக்கேன்."

சாஸ்திரியாரின் நெற்றிப் பட்டை வேர்வையில் கரைந்தது. "இது குருநாதர் தந்த மிதியடி. களத்தினா ஊருக்கே கேடு!"

"நேத்து வந்தவ சாஸ்திரியாரச் சோதிக்காளா?" என்று பாய்ந்தாள் ராஜபாய். "முப்பது வருஷம் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போனவ நான். எனக்குள்ள ஒரு பேயும் கிடையாது. நான் தொடுகேன், எல்லாரும் பாத்துக்கிடுங்க!"

"மாமி, வேண்டாம்! கால் நனைஞ்சிரும்!"

சொல்லி வாய் மூடுமுன் ராஜபாய் அங்கணத்தில் இறங்கிப் பித்தளையில் விரலை வைத்துவிட்டாள்.

"யம்மோ!"

அந்தச் சத்தம் பெரிய தெருவுக்குக் கேட்டது. முப்பது வருஷத்து ஓய்வுநாள் பாடசாலை அப்படியே பின்னால் எகிறி எச்சில் பாத்திரங்களின் மேல் உட்கார்ந்தது. ஓடிப்போய்த் தூக்கியவள் நேசபாய்தான்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கி நின்றது. சாஸ்திரியாரின் மூளை மட்டும் நிற்கவில்லை. அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பொய்க்குப் பொய் முட்டுக் கொடுப்பதில் ஆள் சூரன்.

"பாத்தீயளா! பாத்தீயளா! பேயி மருமவள விட்டுட்டு மாமியாரப் பிடிச்சுக்கிட்டுது! இனி ராஜபாய் அம்மையத்தான் நனைச்சு நிறுத்தணும். நாப்பத்தியொரு நாள் அவிய அம்மைவீட்டுல போய் இருக்கணும்!"

ராஜபாய்க்கு அம்மை செத்துப் பத்து வருஷம். அம்மைவீட்டில் இருக்கிற அண்ணனோடு ஒரு தென்னைமரத்துக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றரைக் கண்சிமிட்டில் அவளுக்கு ஞானம் பிறந்தது. மருமகளுக்குப் பேய் என்றபோது வராத சந்தேகமெல்லாம் திரண்டு வந்தது.

"யாருக்குலே பேயி?" என்று எழுந்தாள். "எனக்கா?"

நேசபாய் கையைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த பலகையைக் கொண்டுவந்து போட்டாள். ஏறினாள். எல்லாரும் பார்க்கப் பித்தளையைத் தொட்டாள். சும்மா நின்றாள். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குள்ளயும் பேயி இல்ல, மாமிக்குள்ளயும் இல்ல. ஈரக்கால் தரையில பட்டா அடிக்கும். காஞ்ச கட்டைமேல நின்னா அடிக்காது. இந்தப் பலகை என்ன செய்யுதோ அதைத்தான் சாஸ்திரியாருக்க மிதியடியும் செய்யுது. மந்திரமெல்லாம் மரத்துக்குள்ளதான் இருக்கு."

"அப்பம் எங்க வீட்டு ஜின்னும் பலகை ஏறாதா?" என்று கேட்டாள் சுபைதா பேகம். அவள் மூத்த மகளை ஒரு மாதமாக ஜின் என்று சொல்லி அறைக்குள் பூட்டி வைத்திருந்தாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"களத்தும்வே மிதியடிய!" என்றாள் ராஜபாய்.

"இப்பம் ராகுகாலம்..."

"திங்கக்கிழமை ராகுகாலம் ஒம்பது மணியோட முடியும்னு நீருதானவே சொன்னேரு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது பசுக்காரருடைய குரல். "நான் ஒரு பசுவைக் குடுத்திருக்கேன். நீரு ஒரு காலையாவது குடும்!"

சாஸ்திரியார் பின்னால் நகர்ந்தார். அங்கணத்துப் பாசி யாருடைய சாஸ்திரத்தையும் படித்ததில்லை. ஒரு மிதியடி வழுக்கிக் கழன்றது. வெறுங்கால் ஈரத்தில் பட்டது. பிளக்கு அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனாலும், "ஐயோ, கரண்டு!" என்று அலறிக்கொண்டு ஒரே தாவலில் கொல்லைவாசலைத் தாண்டினார். வந்த வழியாகவே போனார் என்பதில் மட்டும் ஞானையனுக்கு ஒரு திருப்தி. பசுக்காரரும் நாலைந்து பேரும் பின்னாலேயே ஓடினார்கள். மின்மனைச் சாஸ்திரம் அன்றோடு கோட்டாற்றை விட்டுப் போயிற்று.

கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. தன் வீட்டு அங்கணத்திலும் அதே பிளக்கு இருக்கிறது என்று ஒவ்வொருவருக்காக ஞாபகம் வர, சிரிப்பு நின்று போயிற்று.

ராஜபாய் வாசலுக்குப் போய்த் தகரப்பெட்டியைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"ஏட்டி, இது என்னத்துக்கு இங்கன கிடக்கு? எடுத்து உள்ள வை," என்றாள். பிறகு, ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். நேசபாய் மறுமுனையைப் பிடித்தாள்.

சாயங்காலமே அபுதாஹிர் மேஸ்திரி வந்தார். அங்கணத்துப் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். முன்னறையில், தண்ணீரே போகாத காய்ந்த சுவரில், ஆள் நெஞ்சுயரத்துக்கு மேலே புதிதாக வைத்தார். ஈரக்கையோடு யாரும் கிட்டப் போகக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். "மேஸ்திரி அன்னைக்கே சொன்னாரு, இவதான் கேக்கல்ல," என்று ராஜபாயைக் கைகாட்டினார் ஞானையன். காத்தாடி முன்னறைக்கு வந்தது. அடுத்த ஞாயிறு போதகர் மூக்கைத் திறந்துகொண்டு காற்று வாங்கினார்.

இத்தோடு கதையை முடித்திருக்கலாம். நம் ஜனங்கள் விட்டால்தானே?

இரண்டு நாள் கழித்து, கிளாரா என்கிற பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி நேசபாயைத் தேடி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "மக்கா, அந்தச் சாஸ்திரியாரு விட்டுட்டுப் போன ஒத்தை மிதியடி இருக்குல்லா? மந்திரம் அதுக்குள்ளதான் இருக்குன்னு நீயே சொன்னியாம். தந்தியானா எங்க வீட்டுப் பிளக்குக்கு மேல கட்டித் தொங்கவிடுவேன்."

"உங்க பிளக்கு எங்க இருக்கு அக்கா?"

"அங்கணத்துலதான்."

நேசபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் மிதியடியை எடுத்துவந்தாள். கிளாரா இரண்டு கையையும் நீட்டினாள். நேசபாய் அதை அடுப்பில் சோற்றுப் பானைக்கு அடியில் செருகினாள். நல்ல காய்ந்த கட்டை, சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"போய் மேஸ்திரியக் கூப்பிடுக்கா," என்றாள். "சோறு வெந்ததும் நானும் கூட வாறேன்."

ஈரக்கால் எது, காய்ந்த கால் எது என்று ஒரு துண்டுக் கம்பிக்குத் தெரிகிறது. அதற்கு மண்டையும் கிடையாது, மூளையும் கிடையாது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஊரே அது தெரியாமல் வரிசையில் நின்றது. இனியாவது கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. அதற்கு மூலை பார்க்க வேண்டாம், ராகுகாலமும் பார்க்க வேண்டாம்.